உடம்புக்கு முடியலன்னு சொன்னேனே

ஒரு கல்லறை வாசகம் சில காலமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம், கிழக்கு சசெக்ஸில், வின்செல்சி என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள புனித தாமஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஸ்பைக் மில்லிகனைப் புதைத்திருக்கிறார்கள். ஆங்கில நகைச்சுவையை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரித்துப் பேசுகிற அளவுக்குப் பெரிய ஆள். 2002 பிப்ரவரி 27 அன்று, பக்கத்து ஊரான ரைக்கு அருகில், தன் வீட்டில், 83 வயதில் இறந்தார். தன் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைத்திருந்தார்: ‘எனக்கு உடம்புக்கு முடியலன்னு சொன்னேனே.’ சிச்செஸ்டர் திருமண்டலம் அதற்கு ஒப்பவில்லை. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டு போய், 2004இல்தான் கல் வந்தது. அதே வரியை ஆங்கிலத்தில் போடாமல் ஐரிஷ் மொழியில் செதுக்கிக்கொள்ளலாம் என்று சமரசம். இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு ஏதோ ஒன்று தொண்டையில் நின்றுகொண்டது. அது என்ன என்று இப்போதும் எனக்கு முழுதாகத் தெளியவில்லை. இறந்தவர் பகடி பண்ணுகிறார், நாம் ரசிக்கிறோம், ஊர் பெருமைப்படுகிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதியவர் ஆயுளில் பெரும்பகுதி அதே வாக்கியத்தைச் சிரிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவர்.

வின்செல்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஊருக்கே கிறுக்கு குறைவில்லை. பழைய வின்செல்சியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கடல் கொண்டுபோய்விட்டது. முதலாம் எட்வர்ட் மன்னன் பக்கத்துக் குன்றின் மேல் கட்டம் கட்டமாகத் தெருப் போட்டுப் புது ஊரை எழுப்பினான். பிரான்ஸின் காஸ்கனியிலிருந்து ஒயின் வந்து இறங்கியது. பீப்பாய்களை வைக்க வீடுகளுக்கு அடியில் கல் வளைவுகளோடு கட்டிய நிலவறைகள் முப்பதுக்கும் மேல் இன்றும் இருக்கின்றன. பிறகு கடல் பின்வாங்கியது, துறைமுகம் தூர்ந்தது. முதல் ஊரை விழுங்கிய கடல் இரண்டாவது ஊரை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனது. வியாபாரம் போய், ஜனமும் போய், விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வாக்காளர்கள் மிஞ்சிய பிறகும், 1832இன் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை இந்த ஊர் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் ஈஸ்டர் திங்கட்கிழமை அன்று இங்கே ஒரு மேயர் பதவியேற்கிறார். அங்கி உண்டு, சடங்கு உண்டு, ஆள்வதற்கு ஒன்றும் கிடையாது. தேவாலயத்தின் கிழக்குப் பகுதி மட்டும் முழுதாக நிற்க, அதை ஒட்டி இடிந்த சுவர்கள். உள்ளே ஆலார்ட் குடும்பத்துப் பழைய கடற்படைத் தலைவர்கள் கல்லில் மல்லாந்து கிடக்கிறார்கள். வெளியே ஒரு மரத்தடியில்தான் ஜான் வெஸ்லி 1790இல் தன் கடைசித் திறந்தவெளிப் பிரசங்கத்தைச் செய்தார். இதற்கு நடுவில் கொண்டுபோய் மில்லிகனை வைத்திருக்கிறார்கள். மேயர் விழாவை அவர் வானொலி நாடகமாக எழுதியிருந்தால், கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்று சொல்லியிருப்போம்.

ஆங்கிலிக்கன் கல்லறைத் தோட்டத்தில் கல் நடுவதற்கு ஏகப்பட்ட விதிகள். கல் இந்த வகை, உயரம் இவ்வளவு, கண்ணாடி மாதிரி மெருகேற்றக் கூடாது, போட்டோ பதிக்கக் கூடாது. வாசகத்தைக் குருவானவர் பார்த்து ஒப்ப வேண்டும். விதியை மீறி எதையாவது கேட்டால் விவகாரம் திருச்சபையின் நீதிமன்றம்வரை போகலாம். இதைக் கேலி செய்வது சுலபம். எனக்கோ அந்த விதிகளின் மேல் ஓரளவு மரியாதை உண்டு. போன மாதம் பிள்ளையைப் புதைத்த ஒருத்தி பூ வைக்கக் குனிந்திருக்கும்போது, இரண்டு கல் தள்ளி நாலு சுற்றுலாப் பயணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? வீட்டில் அடிக்கும் ஜோக் வீட்டோடு போகும். கல்லில் செதுக்கிய ஜோக் பக்கத்துத் துக்கத்துக்குள் கால் நீட்டிக்கொண்டே இருக்கும், நூறு வருஷத்துக்கு. மறுப்பதற்குத் திருமண்டலத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் மறுத்ததால் நடந்ததைப் பாருங்கள். ஆங்கிலத்தில் விட்டிருந்தால் இங்கிலாந்தின் நூற்றுக்கணக்கான வேடிக்கைக் கல்லறை வாசகங்களில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். மறுத்ததால் பத்திரிகையில் வந்தது, கதையானது. பின்னாளில் ஒரு கருத்துக்கணிப்பில் பிரிட்டிஷ்காரர்களுக்கு மிகப் பிடித்த கல்லறை வாசகம் இதுதான் என்றும் ஆனது. இருவர் சேர்ந்து மேடையில் நகைச்சுவை பண்ணும்போது ஒருவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் மற்றவர் சொல்வது எடுபடும். ஒத்திகை இல்லாமல், சம்பளம் இல்லாமல், தான் நடிப்பது தனக்கே தெரியாமல் திருமண்டலம் அந்த வேஷத்தைப் பிரமாதமாகச் செய்தது. ‘அன்பு, ஒளி, சமாதானம்’ என்று அவர் வழக்கமாகச் சொல்லி விடைபெறும் சொற்கள் அதே கல்லில் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. அதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. அன்பை எல்லோரும் படிக்கலாம். நோயைப் படிக்க ஐரிஷ் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள்: அதிகாரம் தடுத்தது, கலைஞன் தப்பித்தான், ஜோக் ஜெயித்தது. எனக்கு இடிப்பது இதற்குப் பிறகுதான். 1944 ஜனவரி, இத்தாலி, மோந்தே கசினோ பக்கத்துச் சண்டை. பீரங்கிப் படையில் லான்ஸ் பம்பார்டியர் மில்லிகன் மோர்ட்டார் குண்டில் காலில் அடிபடுகிறார். காயம் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, பேச்சு திக்குகிறது, அழுகை வருகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மறுபடியும் பீரங்கிக்குப் பக்கத்திலேயே அனுப்புகிறார்கள். முடியவில்லை. மேலதிகாரி அவருடைய பதவிப் பட்டையைப் பறித்து, பழையபடி சாதாரண கன்னராக இறக்குகிறார். எனக்கு முடியவில்லை என்று இந்த மனிதர் தெளிவாகச் சொன்ன முதல் சந்தர்ப்பம் இதுதான் என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கிடைத்த பதில் ஒரு பட்டை குறைந்தது. இதையும் அவர் பிற்பாடு எழுதினார். போர் நினைவுகளை 1971இலிருந்து வரிசையாகப் பல நூல்களாகக் கொண்டுவந்தார். ஹிட்லரின் வீழ்ச்சியில் தன் பங்கு என்று முதல் நூலுக்குப் பெயர் வைத்தவர் அவர். அந்த வரிசையைச் சிரிப்புப் புத்தகம் என்றுதான் கடைகளில் அடுக்குகிறார்கள். சிரிப்பு நிறையவே இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் திடீரென்று ஒருவன் செத்துக் கிடக்கிறான், அடுத்த வரியில் மறுபடியும் சிரிப்பு. படிக்கிறவருக்குத் துக்கப்பட நேரம் தருவதே இல்லை. அந்தச் சிப்பாய்களுக்கும் அங்கே நேரம் இருந்திருக்காது.

போருக்குப் பிறகு வானொலி. 1951இல் பிபிசியில் தொடங்கி 1960 ஜனவரி வரை ஓடிய ‘கூன் ஷோ’. பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகம், தொடக்கத்தில் மைக்கேல் பென்டீன், கூடவே மில்லிகன். நடித்தது எல்லோரும், எழுத்து பெரும்பாலும் மில்லிகன், வாரத்துக்கு ஒன்று. அதில் கதை என்று சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கும். குரல்களும் சத்தங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். செத்தவன் அடுத்த காட்சியில் புகார் சொல்ல வருவான். நடந்து போகிற சத்தம் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்து கடைசியில் எங்கும் போய்ச் சேராது. ஒரு கதை சொல்வார்கள். கஸ்டர்ட் நிரப்பிய காலுறையால் ஒருவனை அடித்தால் என்ன சத்தம் வரும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிபிசி கேன்டீனுக்குப் போய்க் கஸ்டர்ட் கேட்டார். பரிமாறுகிற அம்மாள், யாருக்கோ வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பக்குவமாகக் காய்ச்சிக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் தன் காலுறையைக் கழற்றி, அதற்குள் கஸ்டர்டை ஊற்றி, சுழற்றி ஓங்கி அடித்தார். எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. இந்தக் கதையில் கூட்டல் குறைத்தல் இருக்கலாம். பத்து பேர் சொல்லிச் சொல்லி மெருகேறியிருக்கும். எனக்கு அதில் கண்ணில் படுவது அந்த அம்மாள்தான். அவள் நோயாளிக்கென்று காய்ச்சினாள். அவள் நினைத்தது அப்படியொன்றும் தப்பில்லை. மூன்றாவது தொடர் நடந்துகொண்டிருந்தபோது, 1952இன் கடைசியில், மில்லிகன் உடைந்துபோனார். உருளைக்கிழங்கு நறுக்கும் கத்தியோடு செல்லர்ஸ் வீட்டுக்குப் போனார் என்றும் அதையொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றும் சொல்வார்கள். சுமார் ஒரு டஜன் நிகழ்ச்சிகள் அவர் குரல் இல்லாமல் ஒலிபரப்பாயின. திரும்பி வந்து மறுபடியும் எழுதினார். அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு வாரமும் பிரிட்டன் சிரித்தது. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க விட்டுவிட்டு வந்த மனச்சோர்வுக்கும் அந்தச் சிரிப்புக்கும் என்ன உறவு என்று எழுதியவர்கள் பலர். நோயில்லாமல் அந்தக் கலை இல்லை என்று ஒரு கட்சி. அந்தக் கட்சியோடு எனக்கு ஒட்டவில்லை. நமக்குச் சிரிப்புக் கிடைக்க இன்னொருவர் படுத்துக் கிடந்தது நியாயம்தான் என்று ரசிகன் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் ரசீது அது.

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருப்பார்கள். காலையில் எழுந்ததும் ‘முடியலப்பா’ என்பார்கள், காபி குடித்துவிட்டு மறுபடியும் சொல்வார்கள். நாளடைவில் அந்தச் சொல்லுக்கு வீட்டில் காது இருக்காது. பேரப்பிள்ளைகள் அதே குரலில் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள், பெரியப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் அவர் நிஜமாகவே போய்ச் சேர்ந்த பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுக்கும்போது யாராவது அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள். வீடே சிரிக்கும், அழும். மில்லிகனின் வரி அந்த வகையறா. நம்பாதவர்களைப் பார்த்து, செத்தாவது நிரூபித்தேன் பார் என்று சொல்கிற வரி. அதைப் படித்து நாம் சிரிக்கிறபோது எந்தப் பக்கம் நின்று சிரிக்கிறோம் என்பதுதான் என் சந்தேகம். நொந்தவனோடு நின்றா, நம்பாத வீட்டோடு நின்றா? இரண்டும்தான் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுத் தப்பித்தும் விடலாம்.

அவருக்குக் கிடைத்த மரியாதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எதுவுமே முன்வாசல் வழியாக வரவில்லை. பிறந்தது 1918 ஏப்ரல் 16இல், மகாராஷ்டிரத்து அகமத்நகரில். அந்த ஊர்ப் பெயரும் இப்போது அகில்யாநகர் என்று மாறிவிட்டது. இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார். அப்பா லியோ, ஐரிஷ்காரர், பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர். பிள்ளைப் பருவம் பூனாவிலும் ரங்கூனிலும் போனது, பதின்வயதில்தான் லண்டன். சாம்ராஜ்யத்தின் படைக்குடும்பத்தில் பிறந்து, சாம்ராஜ்யத்துக்காக ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பீரங்கி அடித்தவருக்கு, அறுபதுகளில் குடியுரிமைச் சட்டங்கள் மாறியபோது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் சிக்கலாகிவிட்டது. ராணிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். படையில் இருந்து காட்டிய விசுவாசம் போதாதா என்று அவருக்குக் கோபம். பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று சொல்லி, அப்பா வழியில் ஐரிஷ் குடியுரிமை வாங்கிக்கொண்டார். அதே காலத்தில், 1963இல், ‘பக்கூன்’ என்ற நாவல் வந்தது. அயர்லாந்தைப் பிரிக்கிறபோது எல்லைக்கோடு ஒரு கிராமத்தின் குறுக்கே போகிறது. கல்லறைத் தோட்டம் இரண்டாகிறது. செத்தவனைப் புதைக்க எல்லையைத் தாண்ட வேண்டியிருப்பதால் பிணத்துக்குப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து சசெக்ஸில் ஒரு கல்லறை வாசகம் உள்ளே நுழைய ஐரிஷ் மொழி தேவைப்பட்டது. எழுதியவனையே கதை வந்து பிடித்துக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது அலங்காரப் பேச்சு. எல்லையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள் எப்போதும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள், அதை அவர் முன்பே கவனித்து எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

அரசு கொடுத்ததும் அப்படித்தான். 1992இல் சி.பி.இ., 2001இல் கே.பி.இ. இரண்டும் கௌரவ விருதுகள், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற கணக்கில். நைட் பட்டம் கிடைத்தது, சர் என்று போட்டுக்கொள்ள முடியாது. 1994இல் பிரிட்டிஷ் காமெடி விருதுகளில் வாழ்நாள் சாதனையாளர் என்று மேடையேற்றினார்கள். கூன் ஷோவின் பரம ரசிகரான இளவரசர் சார்ல்ஸிடமிருந்து வந்த பாராட்டுக் கடிதத்தை வாசித்தபோது, நேரடி ஒளிபரப்பில், நாடே பார்த்துக்கொண்டிருக்க, கூழைக்கும்பிடு போடுகிற குட்டி வேசிமகன் என்கிற தோதில் இளவரசரைத் திட்டினார். அரங்கம் வெடித்துச் சிரித்தது. அப்புறம் இளவரசருக்கு ஃபேக்ஸ் அனுப்பினாராம்: நைட் பட்டத்துக்கு இனிமேல் வழியில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏழு வருஷத்தில் பட்டம் வந்தது. இந்தக் கதையை மரியாதையின்மைக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்கிறார்கள். எனக்கு இது அரண்மனையின் சாமர்த்தியமாகத்தான் படுகிறது. திட்டியவனைத் தட்டிக்கொடுத்தால் திட்டு செல்லமாகிவிடுகிறது. இளவரசர் கோபப்பட்டிருந்தால் அந்த ஒரு வார்த்தை அவருக்கு எதிராக எழுந்து நின்றிருக்கும். அவர் சிரித்துவிட்டார், வார்த்தை உட்கார்ந்துவிட்டது. அந்த வகையில் பார்த்தால், மில்லிகனின் நக்கலைக் கடைசிவரைக்கும் ஆபத்தானதாக எடுத்துக்கொண்ட ஒரே அமைப்பு சிச்செஸ்டர் திருமண்டலம்தான். ராஜகுடும்பம் பொறுத்துக்கொண்டது, பிபிசி முணுமுணுத்துவிட்டு ஒலிபரப்பியது. தேவாலயம் மட்டும்தான், இல்லை, இது கூடாது என்றது. கிண்டலுக்குச் செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை அதுவோ என்றுகூடச் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் இன்னொரு சின்ன ஊர் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில், சிட்னிக்கு வடக்கே ரயில் போகிற கடலோரத்தில், வாய் வாய். மில்லிகனின் பெற்றோர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே இருந்தார்கள். இவர் அடிக்கடி போய்த் தங்குவார். பக்கூனில் ஒரு பகுதியை அங்கே இருந்துதான் எழுதினார். உப்பங்கழி, சிப்பிப் பண்ணைகள், ஓய்வு பெற்றுக் குடிவந்தவர்கள், சாயங்காலம் ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்கள். அந்த ஊருக்கு அவர் வைத்த பட்டப்பெயர்: தரைக்கு மேலே அமைந்த உலகத்தின் மிகப் பெரிய கல்லறைத் தோட்டம். இப்படி ஒருவன் எழுதினால் நம் பக்கத்து ஊர்களில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உருவ பொம்மை எரியும், இரண்டு சங்கங்கள் அறிக்கை விடும். வாய் வாய்க்காரர்கள் செய்தது வேறு. அங்கிருந்து காஸ்ஃபர்ட் போகிற சைக்கிள் பாதையில் உள்ள தொங்கு பாலத்துக்கு ஸ்பைக் மில்லிகன் பாலம் என்று பெயர் வைத்தார்கள். ஊர்ப் பொது நூலகத்தின் கூட்ட அறைக்கும் அவர் பெயர். ஸ்பைக்ஃபெஸ்ட் என்று விழாவும் நடத்தியிருக்கிறார்கள். ‘செத்த ஊர்’ என்று திட்டியவன் பெயரில் காலையும் மாலையும் ஜனங்கள் சைக்கிள் மிதிக்கிறார்கள். கூட்ட அறையில் வேறென்ன நடக்கும், உறுப்பினர் கூட்டங்களும் அதன் குறிப்புகளும்தானே. ஸ்பைக் மில்லிகன் அறையில் ஆறரை மணிக்குக் கூட்டம், தேநீர் வழங்கப்படும் என்று ஒரு அறிவிப்பைக் கற்பனை செய்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் அது.

வாய் வாயும் அரண்மனை செய்ததைத்தானே செய்தது என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வித்தியாசம் தெரிகிறது. அரண்மனைக்குத் திட்டால் எந்த நஷ்டமும் இல்லை. வாய் வாய்க்கு உண்டு. அந்தப் பட்டப்பெயர் இன்றும் அந்த ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டு அலைகிறது. அங்கே வீடு வாங்குகிறவன், அங்கிருந்து கல்லூரிக்குப் போகிற பெண், எல்லோரும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வலித்த இடத்திலேயே பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள். எங்களைக் கல்லறை என்றாயா, சரி, இந்தா உனக்கும் இங்கேயே ஒரு இடம் என்பது போல. அதில் அன்பும் இருக்கிறது, கொஞ்சம் பழிவாங்கலும் இருக்கிறது. லண்டன் ஃபின்ச்லியில், அவர் பல வருஷம் குடியிருந்த பகுதியில், 2014இல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஜான் சோமர்வில் வடித்தது. பெஞ்சில் சாய்ந்து திரும்பி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நாம் உட்கார இடம். பத்து வருஷத்துக்குப் பணம் திரட்டி, ரசிகர்கள் பிரியத்தோடு செய்த வேலை, குறை சொல்ல மனம் வரவில்லை. போட்டோ எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சிலையிடம் பேச்சு இல்லை. வாய் வாய்ப் பாலத்திடம் இருக்கிறது.

பதிலுக்குப் பதில் பேசுகிற மரியாதைக்கு இன்னொரு உதாரணம் ஹாரி சீகம். கூன் ஷோவில் கூட நடித்தவர், பெரிய தொண்டைப் பாடகர், வெல்ஷ்காரர், நல்ல பருமன். 2001 ஏப்ரலில் அவர் இறந்தபோது மில்லிகன் சொன்னது: நல்ல வேளை, அவன் எனக்கு முன்னால் போய்விட்டான், இல்லையென்றால் என் சாவில் வந்து பாடியிருப்பான். ஒரு வருஷத்துக்குள் இவரும் போனார். இவருக்கு நடந்த நினைவு ஆராதனையில், சீகம் பாடிய ஒலிப்பதிவைப் போட்டுவிட்டார்கள். செத்துப்போன சீகம், செத்துப்போன மில்லிகனின் ஆராதனைக்கு வந்து பாடியே விட்டார். அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்கு மில்லிகனை உள்ளும் புறமும் தெரிந்திருக்கிறது. பாராட்டுரை வேண்டாம், அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்து அவன் மேலேயே ஒன்று விடு. பாலத்துக்குப் பெயர் வைத்த ஊரும், அறியாமல் வேஷம் கட்டிய திருமண்டலமும், இந்த நண்பர்களும் ஆளுக்கொரு வகையில் அவருடைய கிண்டலுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த மட்டில் கோமாளிக்கு மரியாதை குறைவில்லாமல் நடந்திருக்கிறது.

பட்டையைப் பறிகொடுத்த கன்னருக்கு யார் பதில் சொன்னார்கள் என்று தேடினால் ஒருவர் அகப்படுகிறார். அந்தனி கிளேர், டப்ளினில் பிறந்த மனநல மருத்துவர். பிரபலமானவர்களை நாற்காலியில் உட்காரவைத்து அவர்கள் மனத்தைப் பற்றிப் பேசவைக்கும் பிபிசி வானொலி நிகழ்ச்சியை நடத்தியவர். அவரும் மில்லிகனும் சேர்ந்து 1993இல் மனச்சோர்வையும் அதிலிருந்து பிழைத்துக்கொள்வதையும் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அடைந்து கிடந்த அறைகள், மாத்திரைகள், மின் அதிர்ச்சிச் சிகிச்சை, பிள்ளைகளின் குரல்கூடத் தாங்க முடியாமல் போன நாட்கள், எல்லாவற்றையும் மில்லிகன் அதில் சொல்கிறார். கிளேர் குறுக்கே விழுந்து அதை நகைச்சுவை மேதையின் விலை என்று கொண்டாடவில்லை. எப்போது தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது, என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, பக்கத்திலேயே தனக்குத் தெரிந்த மருத்துவத்தையும் எழுதிவைக்கிறார். வாசகர்களிடம் ‘பக்கூன்’ போகிற அளவுக்கு இந்தப் புத்தகம் போகவில்லை. வின்செல்சிக்குப் போய் அந்த ஐரிஷ் வரியின் முன்னால் நின்று சிரித்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் இதைப் புரட்டியிருப்பார்கள் என்று எனக்கு ஐயம் உண்டு. சிரிப்பு அதிலும் அங்கங்கே இருக்கத்தான் செய்கிறது, அவரால் வேறு மாதிரி பேச முடியாது. அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்கின்றன. நோயாளி பெயர் முதலில், மருத்துவர் பெயர் அடுத்து.